கல்லும் மணலுமான வன்னிக் காட்டு மண்: புதிதாகக் காணி எடுப்பவருக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணில் தோட்டம் செய்து பழகினவர்கள் வன்னியில் காணி எடுத்ததும் முதலில் கேட்பது, "மண் எப்படி, நல்ல மண்ணோ?" என்றுதான். அதைவிட உதவக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: "எத்தனை அடிக்கு மண் இருக்கு?" நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மாங்குளம், செட்டிகுளம் பக்கத்து மேட்டுக் காணிகளை மேலால் பார்த்தால் எல்லாம் ஒரே கபில நிறம். ஒரு காணியில் அலவாங்கு மூன்றடி சுகமாக இறங்கும். பக்கத்துக் காணியில் ஒரு சாண் போனதும் 'டங்' என்று கல்லில் முட்டும். விலை என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான் சொல்வார்கள்.

குளத்துக்குக் கீழே இருக்கும் வயல்மண்ணும் முருங்கன் பக்கத்துக் கரிமண்ணும் இந்தக் கட்டுரைக்குள் வராது. காடாக இருந்த, அல்லது விட்டுப்போய்த் திரும்பக் காடு மண்டிய, கல்லும் மணலும் கலந்த மேட்டுக் காணிக்கு மட்டும் இது.

மண் வந்த வழி

வன்னியில் மலை என்றால் மலைநாட்டு மலையை நினைக்கக் கூடாது. தட்டை நிலத்தில் திடீரென்று தலைதூக்கும் பாறைத் திட்டுகள்தான் இங்கே மலை. வெடுக்குநாறிமலை, குருந்தூர்மலை போல. நிலத்துக்குக் கீழேயும் அதே சாதிக் கடும்பாறைதான். புவிச்சரிதவியலாளர் இதற்கு 'வன்னித் தொகுதி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். குடாநாட்டின் அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல் இங்கே உள்நாட்டில் இல்லை. கரையோரம் போனால்தான் அந்தக் கதை மாறும்.

இந்தப் பாறை உக்கும்போது அதிலுள்ள சில கனிமங்கள் களியாகிவிடும். வெள்ளைப் பளிங்குக் கல் (குவாட்ஸ்) மட்டும் உக்காது. உடைந்து பரலாகவும் மணலாகவும் அப்படியே கிடக்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1250 முதல் 1500 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரைதான் கொட்டுகிறது. அந்த மழை நுண்ணிய களியை மேலிருந்து கழுவிக் கீழே இறக்குகிறது. அதனால்தான் மேலே மணல், நடுவில் பரல், அதற்குக் கீழே சிவந்த களி என்ற அடுக்கு. 1961இல் மண்ணியலாளர்களான மூர்மனும் பானபொக்கவும் இலங்கை மண்களை வகைப்படுத்தியபோது உலர் வலயத்தின் பெரும்பகுதியில் இருக்கும் இந்த மண்ணைச் செங்கபில மண் என்ற தொகுதிக்குள் வைத்தார்கள். பெயர் தெரியாவிட்டாலும் குறையில்லை. அடுக்கு தெரிந்தால் போதும்.

கிண்டும் முன்

வன்னிக்குப் புதியவர்கள் இதைத் தாண்டிப் போகவே கூடாது. காணி போர்க்காலத்தில் யாருடைய கையில் இருந்தது, கண்ணிவெடி அகற்றிய இடமா என்று கிராம அலுவலரிடமும் அயலவரிடமும் கேளுங்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை, சிவப்புப் பூசிய கல், கட்டிவிட்ட நாடா எதைக் கண்டாலும் உள்ளே கால் வைக்க வேண்டாம். அகற்றி முடித்த காணியிலும் துருப்பிடித்த இரும்பு எதுவும் அலவாங்கில் பட்டால் அதைத் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

காணிக்கு வெளியே வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்து வையுங்கள். உங்கள் காணி உறுதியும் அந்தக் கல்லும் ஒத்துப்போகாத காணிகள் இங்கே கொஞ்சமல்ல. பிரதேச செயலகத்தில் அதைத் தீர்க்காமல் மண்ணைப் பற்றி யோசிப்பதில் பிரயோசனமில்லை.

கல்லைப் புரட்டுகிறவர்கள் கையால் புரட்டாதீர்கள். நட்டுவக்காலி கல்லுக்குக் கீழேதான் இருக்கும். அலவாங்கின் நுனியால் தட்டிவிட்டுப் பாருங்கள்.

மேலால் நடந்து பார்த்தல்

மரத்தைப் பார்த்து மண் சொல்வார்கள் ஊர்ப் பெரியவர்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாலையும் வீரையும் முதிரையும் ஆழமான மண்ணிலும் நிற்கும், பாறை வெடிப்பிலும் நிற்கும். ஆகவே என்ன மரம் என்பதோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நேராக நெடிதுயர்ந்த பாலை நின்றால் கீழே ஆழம் இருக்கிறது. அதே பாலை ஆளுயரத்தில் முறுகிக் கவடு விட்டு நின்றால் வேர் எங்கோ கல்லில் இடித்துக்கொண்டிருக்கிறது. சூரையும் காரையும் ஆவாரையும் மட்டும் பற்றையாக மண்டியிருந்தால் ஒன்றில் ஆழமில்லாத மண், அல்லது பலமுறை வெட்டிச் சுட்ட இடம். மருது, நாவல், பனிச்சை வரிசையாக நின்றால் பக்கத்தில் நீரோட்டம் இருக்கிறது. கோரைப்புல் கண்டால் மாரியில் தண்ணீர் தேங்கும்.

பாறைத் திட்டு ஒன்று காணிக்குள் வந்தால் பலரும் முகம் சுழிப்பார்கள். எனக்கு அது ஒரு சொத்து. வெறும் பாறையில் விழும் மழை உள்ளே இறங்காது. முழுவதும் அடிவாரத்துக்கு ஓடி வரும். 100 சதுர மீற்றர் பாறையில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 2,500 லீற்றர் தண்ணீர். அதனால்தான் பாறையடியில் நிற்கும் மரங்கள் சித்திரையிலும் பச்சையாக நிற்கின்றன. அங்கே மண் பருமணலாகத்தான் இருக்கும், ஆனால் ஈரம் தங்கும். வீட்டுக்கு அந்த இடத்தை எடுக்காமல் நாலைந்து பழமரத்துக்கு ஒதுக்குங்கள்.

இன்னொன்றும் வன்னிக்கே உரியது. காணியின் நடுவே நீளமாக ஒரு பட்டையில் புல் மெலிந்து, சிவந்த களியும் பரலும் மேலே கிடந்தால், அது தரையோடு தரையாக்கிய போர்க்காலத்து மண் அணையாகவோ மூடிய பங்கராகவோ இருக்கலாம். அடிமண் மேலே வந்துவிட்ட இடம் அது. அங்கே குழி வெட்டி முழுக் காணியையும் எடைபோட வேண்டாம். கண்ணிவெடிப் பயம் இருக்கும் இடமும் அதுதான் என்பதால் தனியாகக் கேட்டறியுங்கள்.

கேட்பதென்றால் பொதுவாகக் கேட்கக் கூடாது. பக்கத்துக் காணிக்காரரிடம், "ஐயா, இந்த மேட்டிலை மாரிக்குத் தண்ணி எத்தனை நாள் நிக்கும்? கிணறு எத்தனை அடியிலை கல்லிலை முட்டினது?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்ல மண் தம்பி" என்ற பதிலுக்குப் பதிலாக அடிக்கணக்கு வரும்.

குழி வெட்டுதல்

எல்லாவற்றிலும் பெரிய வேலை இது. காணியின் மேற்பக்கம், நடு, தாழ்ந்த பக்கம் என்று மூன்று இடத்தில் மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். கோடையில் இந்த மண் கல்லாக இறுகிவிடும். முதல் மழைக்குப் பிறகு வெட்டினால் கை நோகாது. வெயில் படும் பக்கத்துச் சுவரைக் கத்தியால் செதுக்கி நேராக்கிவிட்டு, குந்தியிருந்து மேலிருந்து கீழே பாருங்கள்.

வெட்டாத காட்டில் முதல் இரண்டு மூன்று அங்குலம் கறுத்துப் பொருபொருத்து இருக்கும். விரலால் கிளறினால் உக்கின இலையின் நாற்றமும் மயிர் போன்ற வேர்களும் வரும். இந்த மண்ணின் உரம் பெரும்பாலும் இவ்வளவுக்குள்தான் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு சாணளவு வெளிறிய கபில நிறம், நெருநெருவென்ற மணற்பாங்கு. பிறகு திடீரென்று வெள்ளைப் பரல் அடுக்கு, கச்சான் விதை அளவிலிருந்து கோழிமுட்டை அளவு வரை. மண்வெட்டி இங்கே சறுக்கும். பிக்காசு எடுக்க வேண்டும். பரலைத் தாண்டினால் சிவந்த களி, ஈரமாக இருந்தால் விரலில் ஒட்டும். அதற்கும் கீழே, பாறையின் கோடுகள் இன்னும் தெரிந்தாலும் கையால் நொறுக்கக்கூடிய உக்கல் பாறை. காக்காப்பொன் மினுங்குவது அங்கேதான்.

நான்கு விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பரல் எந்த ஆழத்தில் தொடங்குகிறது? அதன் தடிப்பு எவ்வளவு? பரல்களுக்கு நடுவே மண் இருக்கிறதா, அல்லது கல்லோடு கல் இறுகிக் கிடக்கிறதா? வேர்கள் அதை ஊடுருவிப் போகின்றனவா, அல்லது அங்கே வந்ததும் படுக்கையாகத் திரும்புகின்றனவா? கடைசிக் கேள்விக்கு வேர் தரும் பதில்தான் எல்லாவற்றிலும் நம்பகமானது. பரல் இருப்பது குற்றமில்லை, நடுவே மண் இருந்தால் வேர் வழி கண்டுபிடிக்கும். ஆனால் திரண்ட பாறையோ இறுகிய கிரவலோ என்றால் உங்கள் மண் அங்கேயே முடிந்தது.

அலவாங்கின் சத்தத்தையும் கவனியுங்கள். உக்கல் பாறையில் 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும். உக்காத கருங்கல்லில் கணீரென்று ஒலிக்கும், சிலவேளை பொறியும் பறக்கும். கிணறு வெட்ட நினைப்பவருக்கு இது இன்னும் முக்கியம். வன்னியின் மேட்டுக் காணியில் கிணற்றுக்குத் தண்ணீர் தருவது இந்த உக்கல் படையும் அதற்குக் கீழுள்ள பாறை வெடிப்புகளும்தான். உக்கல் படை மெல்லியதாக இருந்தால் ஆடி ஆவணியில் கிணறு வற்றும்.

தாழ்ந்த பக்கத்துக் குழியில் சுவர் சாம்பல் நிறமாகி, துருப்பிடித்தது போன்ற மஞ்சள் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், அந்த ஆழம் வரை மாரியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். அங்கே பப்பாசி நட வேண்டாம். முதல் மாரியிலேயே அழுகும்.

கையாலும் போத்தலாலும்

பரிசோதனைக்குப் பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. குழியிலிருந்து 10 லீற்றர் வாளி நிறைய மண் எடுத்து 2 மில்லிமீற்றர் கண் உள்ள அரிதட்டில் அரியுங்கள். மிஞ்சும் கல்லைக் கழுவி, 5 லீற்றர் தண்ணீர் விட்ட வாளியில் போடுங்கள். தண்ணீர் 8 லீற்றர் கோட்டுக்கு உயர்ந்தால் கல் 3 லீற்றர். அதாவது உங்கள் மண்ணில் பத்தில் மூன்று பங்கு கல். அந்தப் பங்குக்கு நீரும் இல்லை, உரமும் இல்லை.

அரித்த மண்ணில் ஒரு பிடி எடுத்து நனைத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து நாடா போலத் தள்ளுங்கள். ஓர் அங்குலத்துக்கு முன்னமே அறுந்தால் மணற்பாங்கு. இரண்டு அங்குலம் தாண்டி நீண்டால் களி. மேல்மண்ணையும் பரலுக்குக் கீழுள்ள மண்ணையும் வேறு வேறாகச் செய்து பார்த்தால் களி இறங்கியிருப்பது விரலுக்கே தெரியும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் படியும், அடுத்த நுண்மண் இரண்டொரு மணித்தியாலத்தில், களி படிய ஒரு நாளாகும். மூன்று படைகளையும் அடிமட்டத்தால் அளந்துகொள்ளலாம்.

தண்ணீர் இறங்கும் வேகத்துக்கு ஓரடிக் குழி போதும். ஒருமுறை நிரப்பி வற்றவிட்டு, இரண்டாம் முறை நிரப்பி நேரம் பாருங்கள். அரை மணித்தியாலத்தில் காணாமல் போனால் உரத்தையும் அதே வேகத்தில் கீழே கொண்டுபோகும் மண். மறுநாள் காலையும் தண்ணீர் நின்றால் கீழே களியோ பாறையோ மறிக்கிறது.

நீர்க்கணக்கு

மணற்பாங்கான மண் ஒரு மீற்றர் ஆழத்துக்கு, பயிர் எடுக்கக்கூடிய நீராக 60 முதல் 100 மில்லிமீற்றர் வரைதான் பிடித்து வைக்கும். நடுவாக 80 என்று வையுங்கள். உங்கள் பயிரின் வேர் போகும் ஆழம் 40 சென்ரிமீற்றர் என்றால் 32 மில்லிமீற்றர். அதில் பாதி கல் என்றால் 16. கோடை வெயிலில் பயிர் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவில் குடிக்கும். மூன்று நாளில் வாடத் தொடங்கும்.

செம்பாட்டில் கிழமைக்கு ஒருமுறை வாய்க்கால் நிறைய இறைத்தவர்கள் இங்கும் அப்படிச் செய்தால், பாதித் தண்ணீர் பரலுக்குள்ளால் இறங்கிப் போய்விடும். ஐந்தாம் நாள் இலை சுருளும். இந்த மண்ணுக்குக் கொஞ்சமாக, அடிக்கடி. சொட்டுநீர் போட வசதியிருந்தால் அதற்குச் செலவழிப்பதில் தப்பில்லை. உரமும் அப்படித்தான்: ஒரே தரத்தில் கொட்டாமல் மூன்று நான்காகப் பிரித்துப் போட வேண்டும்.

காடு வெட்டும்போது

டோசர் வேண்டாம் என்பது என் பிடிவாதமான கருத்து. ஒரு நாளில் ஏக்கர் கணக்கில் வெளிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வேரோடு சேர்த்து அந்த இரண்டு மூன்று அங்குலக் கறுத்த மண்ணையும் எல்லைக்குத் தள்ளிவிடும். பிறகு எல்லையோரக் குவியலில் பூசணி காடாகப் படரும், நடுக்காணியில் கச்சான் மஞ்சளாக நிற்கும். பற்றையை ஆள் வைத்து வெட்டி, அடிக்கட்டைகளை முதல் ஆண்டு அப்படியே விடுங்கள். வேர் உக்கிய வழியில் அடுத்த மாரித் தண்ணீர் உள்ளே இறங்கும். பாலை, முதிரை போன்ற மரங்களை வெட்டவும் ஏற்றவும் அனுமதி தேவை. கருங்காலியில் கையே வைக்காதீர்கள்.

சுடுவதைப் பற்றி: காட்டை வெட்டிச் சுட்டுப் பயிர்செய்த சேனைக்காரர் அப்படிச் சுட்டதற்குக் காரணம் இருந்தது. சாம்பலால் ஒரு போகம் நன்றாக வரும். ஆனால் தழைச்சத்து புகையாகப் போய்விடும், வெறும் மண்ணை ஐப்பசி மழை கழுவும். இரண்டொரு போகத்துக்குப் பிறகு வேறு காட்டுக்குப் போக அவர்களுக்கு இடமிருந்தது. உங்களுக்கு இருப்பது இந்த ஒரு காணி. வெட்டிய பற்றையைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டு உக்க விடுங்கள்.

உழவுக்குத் தட்டுக்கலப்பை போட்டால் பரல் மேலே வரும். கொத்துக்கலப்பையால் நாலைந்து அங்குலம் கிளறினால் போதும், அதுவும் முதல் மழை நனைத்த பிறகு.

பொறுக்கிய கல்லை என்ன செய்வது? லோட் கணக்கில் கேட்டு வருவார்கள். கல்லும் மணலும் கிரவலும் ஏற்றப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். கொடுக்காமல் காணியிலேயே கல்வரம்பு கட்டலாம் என்பதுதான் முக்கியம். 'ஏ' எழுத்து வடிவில் மூன்று தடியைக் கட்டி, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் மட்டம் பார்க்கும் கருவி தயார். நூல் நடுக்கோட்டில் நிற்கும் புள்ளிகளைத் தொடர்ந்து குச்சி நட்டுக்கொண்டு போனால் சமமட்டக் கோடு கிடைக்கும். அதன்மேல் முழங்கால் உயரத்துக்குக் கல்லை அடுக்குங்கள். மேற்பக்கமாகச் சீமைக்கிளுவைத் தடி நட்டால் பசளைக்குக் குழையும் கிடைக்கும். ஒரு மாரிக்குள் வரம்பின் மேற்பக்கத்தில் மண் படிவதைப் பார்க்கலாம்.

எங்கே எதை நடுவது

பரலோ பாறையோ ஓரடிக்குள் வந்துவிடும் இடத்தை உடைக்காமல் விட்டுவிடுங்கள். பற்றையாகவே இருக்கட்டும், ஆடு மாடு மேயட்டும், ஓரமாக வேம்பு நிற்கட்டும். ஓரடி முதல் இரண்டடி வரை மண் உள்ள இடம் மாரிப் பயிருக்கானது: பயறு, கௌபி, எள்ளு, குரக்கன். கச்சானும் வரும், ஆனால் மண் காய்ந்து இறுகிய பிறகு பிடுங்கினால் காய் பாதி உள்ளேயே அறுந்து நிற்கும், ஈரம் இருக்கும்போதே பிடுங்க வேண்டும். பரல் நடுவே மண் உள்ள இரண்டு மூன்றடி நிலத்துக்கு மரமுந்திரிகையும் மாதுளையும் தேசியும் ஒத்துவரும். மாவுக்கும் பலாவுக்கும் அதற்கு மேல் ஆழம் வேண்டும். தென்னையைப் பரல் மேட்டில் வைத்துவிட்டு வாளியோடு அலைபவர்களைக் கண்டிருக்கிறேன். தாழ்ந்த பக்கத்தில், தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து வையுங்கள்.

மரத்துக்குக் குழி வெட்டும்போது, மாவுக்கு என்றால் நீளம் அகலம் ஆழம் எல்லாம் மூன்றடி. மேல்மண்ணை ஒரு பக்கம், பரலும் களியும் வரும் அடிமண்ணை மறுபக்கம் குவியுங்கள். திரும்ப மூடும்போது மேல்மண்ணோடு மக்கிய எருவும் குழையும் கலந்து குழியை நிரப்பி, அடிமண்ணைக் குழியைச் சுற்றிச் சரிவின் கீழ்ப்பக்கமாகப் பிறை வடிவில் வரம்பாக்கிவிடுங்கள். மரத்தடியில் ஒரு சாண் தடிப்புக்குச் சருகு போட்டால் இறைப்பு பாதியாகக் குறையும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தடியால் கிளறிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சருகு தண்டோடு முட்டக் கூடாது, கறையான் ஏறும்.

மண் மாதிரி கொடுத்தல்

ஆய்வுக்கு மாதிரி எடுப்பது எளிது, பிழைவிடுவதும் எளிது. குறுக்கும் மறுக்குமாக நடந்து 10, 15 இடங்களில் ஆறங்குல ஆழம் வரை ஒரே அளவாக எடுங்கள். புற்றடி, பழைய மாட்டுப்பட்டி, பற்றை சுட்ட இடம் மூன்றையும் தவிர்க்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை எறிந்துவிட்டு மீதியைத் திரும்பக் கலந்து, அரைக் கிலோ அளவுக்கு வரும் வரை இப்படியே குறைத்து நிழலில் உலர்த்துங்கள். பரல் நிலத்து மண்ணையும் ஆழ நிலத்து மண்ணையும் ஒரு பையில் கலக்காதீர்கள்.

கமநல சேவை நிலையத்தில் இருக்கும் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார். கொடுக்கும்போது குழியில் எழுதி வைத்த அடிக்கணக்கையும் காட்டுங்கள். ஆய்வுத் தாளில் ஆழமும் கல்லின் பங்கும் வராது. அவர் பரிந்துரைக்கும் உர அளவு அதைப் பொறுத்து மாறும். அமிலத்தன்மை எண் பெரும்பாலும் 6க்கும் 7க்கும் இடையில் வரும். அப்படி வந்தால் யாராவது சொன்னார்கள் என்று டொலமைற்றோ சுண்ணாம்போ வாங்கிப் போட வேண்டாம். சேதனப் பொருள் மட்டும் குறைவாகத்தான் வரும். உலர் வலயத்து மேட்டு மண்ணில் அது 2 வீதத்தைத் தாண்டுவது அரிது. அதற்குக் கடையில் மருந்தில்லை, எருவும் குழையும்தான். காலபோக விதைப்புக்கு முன் முடிவு கையில் இருக்க வேண்டுமானால் ஆனி, ஆடியிலேயே மாதிரியைக் கொடுத்துவிடுங்கள்.